ஜாவா கிராமத்தில் வயல் யாருடையது?

கொஞ்ச நாளாக ஜாவா கிராமங்களைப் பற்றிய பழைய ஆய்வுகளை வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. யாருக்கு எவ்வளவு நிலம் என்று பெரும்பாலான ஆய்வுகளில் ஓர் அட்டவணை வரும். அதன் கடைசி வரியில் 'நிலமில்லாதவர்கள்' என்று ஓர் எண் இருக்கும். சில பக்கங்கள் தள்ளிப் போனால், அதே நிலமில்லாதவர்கள் அறுப்புக் காலத்தில் யாரும் கூப்பிடாமலே அடுத்தவர் வயலில் இறங்கிக் கதிர் அறுத்து, தங்கள் பங்கு நெல்லை வீட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள். பேசி வைத்த கூலி கிடையாது. தானம்னும் சொல்ல முடியாது. அப்போ அதுக்கு என்ன பேர்?

எனக்குத் தோன்றுவது இதுதான்: அதுவும் ஒரு சொத்துதான். பத்திரம் இல்லாத சொத்து. அது எப்படி இருந்தது, எப்படிப் போனது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்த ஊரின் நிலக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மூன்று விதமான நிலம்

ஜாவா விவசாயிக்கு நிலம் என்பது ஒன்றல்ல, மூன்று. தண்ணீர் கட்டி நெல் போடும் வயல் 'சவாஹ்'. மானாவாரிப் புஞ்சை 'தெகாலன்'. மரவள்ளி, சோளம், கடலை எல்லாம் அங்கேதான். மூன்றாவது, வீட்டைச் சுற்றி இருக்கும் தோட்டம், 'பெக்கராங்கன்'. தென்னை, வாழை, பலா, மூங்கில், கீரை, கிழங்கு, நாலு கோழி என்று வெளியாள் பார்வைக்குக் காடு மாதிரி மண்டிக் கிடக்கும். ஆனால் நெல் தீர்ந்த மாதங்களில் குடும்பத்தைக் காப்பாற்றுவது அதுதான்.

மரத்தின் மேல் உள்ள உரிமையும் மண்ணின் மேல் உள்ள உரிமையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தென்னை ஒருவருடையது, அதில் ஏறிப் பாளை சீவிக் கருப்பட்டி காய்ச்சுவது இன்னொருவர், விளைச்சலில் இருவருக்கும் பங்கு. மண்ணே இல்லாதவருக்கும் இப்படி ஒரு பிடிமானம் இருந்தது.

நான்காவதாக ஒன்றையும் சேர்க்கலாம்: 'பெங்கோக்'. ஊர்த்தலைவரான லுரா, கணக்கரான சாரிக், தண்ணீர் பங்கிடுபவர், மசூதி காரியம் பார்ப்பவர் ஆகியோருக்குச் சம்பளத்துக்குப் பதிலாக விடப்பட்ட வயல். நம் ஊர் மானியம் மாதிரி. பதவி இருக்கும்வரை பயிர் அவருக்கு, விற்க முடியாது. கால் ஏக்கர் வைத்திருப்பவர்கள் நிறைந்த ஊரில் பல ஏக்கர் பெங்கோக் கையில் இருந்தால் அதுவே பெரிய அதிகாரம். லுரா தேர்தலுக்கு ஏன் அவ்வளவு போட்டி என்பதற்குப் பாதி பதில் இங்கே இருக்கிறது.

யார் முழு ஊர்க்காரர்?

பழைய ஜாவா கிராமத்தில் எல்லாரும் ஒரே தரம் கிடையாது. வயலும் வீட்டுமனையும் உள்ளவர் முழு ஊர்க்காரர். அடுத்து மனை மட்டும் உள்ளவர். அதற்கும் கீழே, அடுத்தவர் மனையில் குடிசை போட்டுக்கொண்டவர். சில இடங்களில் அவருக்கு 'மாகெர்சாரி' என்று பெயர். கடைசியில் அடுத்தவர் வீட்டிலேயே ஒண்டிக் குடியிருப்பவர்.

முதல் தரத்துக்காரருக்குச் சில வட்டாரங்களில் இருந்த பெயர் 'குலி கென்செங்'. முழுக் கூலி என்று அர்த்தம் சொல்லலாம். இதைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. நமக்குக் கூலி என்றால் நிலமில்லாதவன். அங்கே குலி என்றால் நிலமுள்ளவன்! காரணம் எளிது: அரசனுக்கும் பின்னால் டச்சுக்காரனுக்கும் ஊழியம் செய்யும் கடமை யாருக்கு இருந்ததோ அவருக்குத்தான் ஊர் வயலில் பங்கு. உழைப்புக் கடமையும் நில உரிமையும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம்.

பல ஊர்களில் இந்த வயல் தனி ஆளின் சொத்தாகவும் இல்லை. ஊர்ப் பொதுவில் இருந்தது. சில இடங்களில் பங்கு நிலையானது; சில இடங்களில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றிப் பிரித்துக்கொள்வார்கள்.

கை மாறும் வழிகள்

சொந்த நிலமாக இருந்தால் பெண்ணுக்கும் உண்டு. ஜாவா மரபில் இது முக்கியம். சில குடும்பங்களில் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. சில குடும்பங்களில் 'சபிகுல் சகெந்தோங்கன்': ஆண் காவடித் தண்டில் இரண்டு பக்கமும் கூடை கட்டித் தூக்குவான், பெண் முதுகில் ஒரு கூடையைத் துணியால் கட்டிச் சுமப்பாள். அதனால் அவனுக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று. கல்யாணத்துக்கு முன் கொண்டுவந்தது அவரவருக்கு. கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்தது 'கோனோ கினி', இருவருக்கும் பொது. மணமுறிவு வந்தால் பிரித்தாக வேண்டும். இந்தச் சொல் இன்றைக்கும் இந்தோனேசிய நீதிமன்றங்களில் புழங்குகிறது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தால் நிலம் துண்டாகும். ராஃபிள்ஸ் காலத்தில், 1815 கணக்குப்படி, ஜாவாவில் சுமார் 46 லட்சம் பேர் (அது குறைவான கணக்கு என்று பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள்). 2020இல் 15 கோடிக்கு மேல். வயல் அதே வேகத்தில் வளருமா?

வாரத்துக்கு விடுவதற்கு மூன்று கணக்கு. 'மாரோ' என்றால் பாதிக்குப் பாதி. 'மெர்த்தெலு' என்றால் உழுபவருக்கு மூன்றில் ஒன்று. 'மிராபாட்' என்றால் நாலில் ஒன்று. ஊரில் ஆள் பெருகப் பெருக உழுபவர் பக்கம் தராசு எப்படி இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் 'காடே', அதாவது ஒத்தி. அவசரத்துக்குப் பணம் வாங்கினால், திருப்பித் தரும்வரை வயலைப் பணம் கொடுத்தவர் அனுபவிப்பார். சில சமயம் நிலத்துக்காரரே தன் சொந்த வயலில் வாரதாரராக இறங்கி உழுவார். பட்டியலில் அவர் நிலமுள்ளவர்தான். சாப்பாட்டுக் கணக்கில்?

ஆண்டவர்கள் கேட்ட கேள்வி

'நிலம் யாருடையது?' என்று ஒற்றை வரியில் பதில் கேட்டவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். 1811இல் ஜாவாவை ஆங்கிலேயர் பிடித்தபோது, நில உரிமைகளை விசாரிக்க ராஃபிள்ஸ் அமைத்த குழுவுக்குத் தலைவர் காலின் மெக்கன்சி. ஆமாம், நம்ம மெக்கன்சி சுவடிகளின் அதே மெக்கன்சிதான். மதராஸ் மாகாணத்தில் ரயத்துவாரி பற்றி நடந்த வாதங்கள் அப்படியே ஜாவாவுக்கும் கப்பலேறின. நிலம் அரசனுடையது, பயிரிடுபவர் அரசுக்கு நிலவாடகை கட்ட வேண்டும் என்று ராஃபிள்ஸ் முடிவு செய்தார். தனித்தனி ஆளிடம் வசூலிக்க ஆசை. நடைமுறையில் அது கிராமத்தின் தலையில்தான் விழுந்தது.

1830இல் டச்சுக்காரர்களின் கட்டாயப் பயிர்த் திட்டம் வந்தது. கிராம நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் கரும்பு, அவுரி மாதிரி ஏற்றுமதிப் பயிர் என்பது காகிதத்தில் இருந்த விதி. பாரம் அதைவிட அதிகம். பாரத்தைப் பலர் தலையில் பிரித்துப் போட, நிலத்தையும் பலருக்குப் பிரித்துக் கொடுப்பது வசதி. ஊர்ப் பொது வயல் முறை உண்மையிலேயே பழைய மரபா, இந்த நெருக்கடியில் பரவியதா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பதுதான் என் எண்ணம். 1870 சட்டம், தனி உடைமை என்று நிரூபிக்கப்படாத நிலமெல்லாம் அரசுடையது என்றது.

சுதந்திரத்துக்குப் பின் 1960 நிலச் சட்டங்கள் பெரிய நம்பிக்கையோடு வந்தன. ஜனநெருக்கம் மிகுந்த பகுதியில் வயலுக்கு 5 எக்டேர் உச்சவரம்பு; 7 வருஷத்துக்கு மேல் ஒத்தியில் இருந்த நிலத்தைப் பணம் வாங்காமலே திருப்பித் தர வேண்டும். நிலையான பங்குள்ள பொது வயல் தனி உடைமையானது. ஆனால் அமலாக்கம் இழுத்தது. 1964 வாக்கில் கம்யூனிஸ்ட் சார்பு விவசாய சங்கம் தானாகவே நிலத்தில் இறங்க ஆரம்பித்தது, ஊருக்குள்ளேயே மோதல். 1965 அக்டோபருக்குப் பிறகு நடந்த படுகொலைகளில் பல லட்சம் பேர் செத்தார்கள். அதற்கப்புறம் கிராமத்தில் நிலம் பற்றி வாய் திறக்கவே ஆள் இல்லை. அடுத்து வரும் கதையை இந்த மௌனத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

உள்ளங்கைக் கத்தி

ஜாவாவில் நெல் அறுக்கும் பழைய கருவி 'அனி அனி'. உள்ளங்கைக்குள் மறையும் சின்னக் கத்தி. ஒவ்வொரு கதிராகத்தான் அறுக்க முடியும். நெல் தெய்வமான தேவி ஸ்ரீ கத்தியைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்பது நம்பிக்கை. அறுப்பது பெரும்பாலும் பெண்கள்.

கதிர் கதிராக அறுப்பது மெதுவான வேலை. அதனால் ஆள் நிறைய வேண்டும், ஆள் நிறைய வரலாம். வயல் முற்றியது தெரிந்தால் ஊர்ப் பெண்கள் வந்து இறங்குவார்கள். பக்கத்து ஊரிலிருந்தும் வருவார்கள். சின்ன வயலில் நூறு பேர்கூட இறங்குவதுண்டு. அறுத்ததில் ஒரு பங்கு அவர்களுக்கு. அதன் பெயர் 'பாவோன்'. நெருங்கிய உறவுக்காரிக்கு நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ கிடைக்கும். அண்டை வீட்டுக்காரிக்கு எட்டில் ஒன்று, முகம் தெரியாதவளுக்குப் பத்திலோ பன்னிரண்டிலோ ஒன்று. ஊருக்கு ஊர் கணக்கு மாறும். ஆனால் வந்தவளைப் 'போ' என்று சொல்ல நிலத்துக்காரருக்கு வாய் வராது. சொன்னால் நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்துக்கு யார் வருவார்கள்?

1950களில் கிழக்கு ஜாவாவின் பாரே வட்டாரத்தில் களப்பணி செய்த கிளிஃபோர்ட் கீர்ட்ஸ், 1963இல் வந்த தன் புத்தகத்தில் இதையெல்லாம் 'பகிர்ந்துகொண்ட வறுமை' என்றார். எல்லாரும் சமமாக ஏழைகள் என்கிற தொனி அதில் உண்டு. பின்னால் வந்தவர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள். எனக்கும் மறுப்பவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. பெங்கோக் வைத்திருக்கும் லுராவும் குடிசை போட்ட மாகெர்சாரியும் எதைப் பகிர்ந்துகொண்டார்கள்? ஆனாலும் பாவோன் என்கிற அந்தப் பங்கு உண்மை. அது கருணையால் வந்ததா, பயத்தால் வந்ததா என்பது வேறு கேள்வி.

'போதும்' என்பதற்கு எவ்வளவு நிலம்?

டேவிட் பென்னியும் மஸ்ரி சிங்காரிம்பூனும் யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே ஸ்ரீஹார்ஜோ என்ற ஊரில் செய்த ஆய்வு 1973இல் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது, அவர்கள் வறுமைக்கோட்டை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. ஊர்க்காரர்கள் பேசும் 'சுக்குப்பான்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 'போதுமான நிலை' என்று அர்த்தம். அதற்கு ஒரு குடும்பத்துக்கு 0.7 எக்டேர் வயலும் 0.3 எக்டேர் தோட்டமும் வேண்டும். நம் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் ஏக்கர் நஞ்சை, முக்கால் ஏக்கர் தோட்டம். ஊரில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு அது எட்டாக்கனி. அவர்களுக்குப் பாவோன் என்பது மாதக் கணக்கில் சோறு.

அதே 1973இல் வில்லியம் கோலியர், குனவான் விராடி, சுந்தோரோ மூவரும் அறுவடை மாற்றங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். புதிய குட்டை ரக நெல் வந்துவிட்டது. உரம், மருந்து என்று செலவு கூடியது. நூறு பேருக்குப் பங்கு கொடுக்க நிலத்துக்காரருக்கு மனசில்லை. ஆனால் விரட்டவும் முகமில்லை. அதற்கு வழி 'தெபாசன்': அறுப்புக்குக் கொஞ்ச நாள் முன்பு, நிற்கும் பயிரையே வியாபாரிக்கு விற்றுவிடுவது. வியாபாரி வெளியாள். அவருக்கு அத்தை, சித்தி, அண்டை வீடு கிடையாது. தன் ஆட்களைக் கொஞ்சப் பேரைக் கூட்டி வருவார். அவர்கள் கையில் கதிர் அரிவாள். கூலி எடை போட்டு.

ஓரத்தில் நிற்கும் பெண்களிடம் நிலத்துக்காரர் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: 'நான் வித்துட்டேனே, என் கையில என்ன இருக்கு?'

இந்த ஒரு வாக்கியத்தில்தான் அந்தச் சொத்து போனது. யாரும் வேலியைப் பிடுங்கவில்லை, எல்லைக்கல்லை நகர்த்தவில்லை, பட்டா மாறவில்லை. 'நிலமில்லாதவர்கள்' என்ற வரியில் எண் அப்படியே இருந்தது. அதே சமயத்தில் நெல் அரைக்கும் சின்ன மில்கள் ஊர் ஊராக வந்து, உலக்கை பிடித்துச் சம்பாதித்த அரிசியையும் இதே பெண்களிடமிருந்து எடுத்துக்கொண்டன. பத்து வருஷம் முன்பு இருந்த மாதிரி சங்கம் இருந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். 1965க்குப் பிறகு கேட்க யார் இருந்தார்கள்?

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிய ரகங்களால் விளைச்சல் கூடியது உண்மை. 1984இல் இந்தோனேசியா அரிசித் தன்னிறைவு அடைந்ததாக அறிவித்தது. சாலை, கட்டட வேலை, நகர வேலை என்று வேறு வழிகளும் திறந்தன. நாள் முழுக்க அறுத்து ஒரு சின்னக் கட்டுக் கதிர் சம்பாதிப்பது சுகமான வாழ்க்கையும் இல்லை. பழைய முறையைப் புனிதப்படுத்த எனக்கு விருப்பமில்லை. நான் சொல்வது, போனது என்ன என்று கணக்கில்கூட எழுதப்படவில்லை என்பதைத்தான்.

இன்றைய காகிதம்

நிலத்தைப் பொறுத்தவரை ரொம்ப காலம் கிராமத்தில் இருந்தது வரிப் பதிவேடுதான். அது வரி கட்டியவர் யார் என்று காட்டும். உரிமைக்கு முழுச் சான்றாகாது. 2017 முதல் அரசு பெரிய அளவில் நிலச் சான்றிதழ் வழங்கி வருகிறது. நல்ல காரியம், எல்லைத் தகராறு குறையும், வங்கியில் கடன் கிடைக்கும். ஆனால் சான்றிதழில் ஒரு வயலுக்கு உரிமையாளர் பெயர் எழுத இடம் உண்டு. பாளை சீவுபவருக்கு, வாரதாரருக்கு, கதிர் அறுத்தவளுக்கு அதில் இடம் கிடையாது.

அரை எக்டேருக்குக் கீழே வைத்திருப்பவரை இந்தோனேசியாவில் 'பெத்தானி குரெம்' என்பார்கள். குரெம் என்றால் கோழிப்பேன். 2023 விவசாயக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க நிலம் வைத்துப் பயிரிடும் குடும்பங்களில் பத்துக்கு ஆறு இந்தக் கோழிப்பேன் விவசாயிகள். இவர்களாவது எண்ணப்பட்டவர்கள்.

இனி எந்த ஊரின் நில அட்டவணையைப் பார்த்தாலும் பக்கத்தில் இன்னொரு அட்டவணையை மனசில் போட்டுக்கொள்வது என்று வைத்திருக்கிறேன்: இந்த வயலின் நெல் எத்தனை வீட்டு உலையில் கொதிக்கிறது? முதல் அட்டவணை மாறாமல் இருக்கும்போதே இரண்டாவது தலைகீழாக மாறலாம். ஜாவாவில் அதுதான் நடந்தது.