திருத்தணிக்கு எத்தனை எழுத்து?

1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்தோடு வந்து சேர்ந்த திருத்தணி, தமிழும் தெலுங்கும் இன்றளவும் அருகருகே புழங்குகின்ற எல்லைப்புறத்து ஊர். அதன் பெயருக்கு எத்தனை எழுத்து என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டால், தி, ரு, த், த, ணி என்று விரல்விட்டு எண்ணி 5 என்று சொல்லிவிடும். கணினியோ, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனிக் குறியீடுகளாகக் கொள்ளும் யூனிகோடு முறைப்படி, 9 என்று சாதிக்கும். அதே பெயரைத் தெலுங்கில் எழுதினாலும் குறியீடுகள் 9தான் என்றாலும், இரட்டித்த தகரம் அங்கே ஒத்தாகச் சேர்ந்து ஒரே அட்சரமாகிவிடுவதால் கணக்கு 4 ஆகும்.

ஆகவே, தமிழ் ஊர்ப்பெயர்களின் எழுத்தை எண்ணுவதற்குப் பைத்தான் மொழியில் நிரல் எழுதப் புகுகிறவர், குறியீடுகளை எழுத்துகளாகக் கூட்டித் தரும் ஃபங்ஷனைத் தனியே வகுத்து, அதை மட்டும் நிச்சயமாகத் தெரிந்த விடைகளோடு ஒப்பிட்டுப் பரீட்சிப்பது அவசியமாகிறது. யூனிட் டெஸ்ட் என்பது இதுவே. 'திருத்தணி'க்கு 5, வெற்றுச் சொல்லுக்கு 0 என்பவற்றில் தர்க்கத்துக்கு இடமில்லை. 'க்ஷ' ஒன்றா, இரண்டா என்பதையோ எழுதுகிறவரே முன்கூட்டித் தீர்மானித்தாக வேண்டும். நிரலின் குற்றத்தைக் காட்டுவதற்கு முன்பே எழுதுகிறவரின் சிந்தனையைத் தெளிவாக்கிவிடுவது பரீட்சையின் விசேஷ பிரயோஜனம்.

ஆனால், தானே ஓடும் ஸ்கிரிப்ட்டில் ஒரு சங்கடம் உண்டு. பரீட்சைக்காக அந்த ஃபைலை இம்போர்ட் செய்த மாத்திரத்திலேயே, பைத்தான் அதை மேலிருந்து கீழ்வரை நிறைவேற்றிவிடுவதால், ஒரு சொல்லைச் சோதிக்க வந்தவர் கேளாமலே, ஊர்ப்பெயர்ப் பட்டியல் முழுவதும் வாசிக்கப்பட்டு, நேற்றைய விடைகளின் மேல் புதிய விடைகளும் எழுதப்பட்டுவிடும்.

இதற்குப் பரிகாரம் சுலபமானது. காரியம் நடத்தும் வரிகளையெல்லாம் 'மெயின்' என்ற ஒரே ஃபங்ஷனுக்குள் சேர்த்து, அதை அழைக்கும் வரிக்கு முன்னே ஒரு நிபந்தனையை வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு ஃபைலுக்கும் பைத்தான் தானாகவே வைக்கும் 'நேம்' (__name__) என்னும் மாறி, ஃபைலை நேரே ஓட்டும்போது 'மெயின்' (__main__) என்ற மதிப்பையும், இம்போர்ட் செய்யும்போது ஃபைலின் சொந்தப் பெயரையும் பெறுவதால், முந்தையதானால் மட்டுமே ஓடு என்று விதித்தால் போதுமானது. பரீட்சைக்கு வேண்டிய யூனிட்டெஸ்ட் என்ற கருவி, 2001ஆம் ஆண்டு முதல் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது.

பத்து வரி ஸ்கிரிப்ட்டுக்கு இத்தனை சம்பிரமம் எதற்கு என்று கேட்போர் உண்டு. நாளை இன்னொருவர் கைக்குப் போய் நூறு வரியாகக்கூடியது அந்தப் பத்து வரியே. ஆதலால் அந்த நிபந்தனையை இன்றே எழுதிவிடுங்கள்.