விளம்பரத் தட்டியில் வளர்ந்த தூரிகை

படமாளிகைகளின் முகப்பில் ஆளுயரத்தினும் பன்மடங்கு பெரிதாய் எழுந்து நின்ற கைவண்ணத் தட்டிகளைக் கொச்சிக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். கதாநாயகரின் பெயரை நாம் அறிவோம். அவர் முகத்தைத் தீட்டியவரின் பெயரை நாம் விசாரித்ததில்லை. அச்சு யந்திரம் அத்தொழிலை விழுங்கிவிட்டது. ஆயினும் அத்தொழிலிலிருந்து உலகப் புகழுக்கு உயர்ந்த ஒருவரின் வரலாற்றை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. அவரே ஓவியர் மக்பூல் ஃபிதா ஹுசேன்.

மகாராஷ்டிரத்துப் பந்தர்ப்பூரில் 1915-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். பேச்சு வருமுன்னரே தாயை இழந்தார். பிற்காலத்தில் அவர் தீட்டிய அன்னை தெரேசா ஓவியங்களில் வெண்சேலைக்குள் முகம் வெறுமையாகவே இருக்கும். பெற்ற அன்னையின் முகம் அவர் நினைவில் இல்லாமையே அதற்குக் காரணம் என்பர்.

அணாக் கணக்கில் கூலி

இளமையில் பம்பாய் வந்த ஹுசேன் வயிற்றுப் பாட்டுக்காகச் சினிமாத் தட்டிகளைத் தீட்டினார். சதுர அடிக்குச் சில அணாக்களே கூலி. சிறிய புகைப்படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, அக்கட்டங்களைப் பெருந்தட்டியில் விரித்து வரைவதே அத்தொழிலின் முறை. தெருவில் விரைந்து செல்பவரும் ஒரு நொடியில் உணரும்படி கோடு தடித்தும் வண்ணம் துணிந்தும் இருத்தல் வேண்டும். 1941-இல் மரச்சாமான் கடையொன்றில் சேர்ந்து விளையாட்டுப் பொருள்களுக்கு உருவமைத்தார். அவர் புகழ்பெற்ற குதிரைகளின் திண்ணிய கோட்டிலே தெருவின் பயிற்சி தெரிகின்றது என்று கூறின் மிகையாகாது.

கடல் கடந்த புகழ்

1947-இல் சூசா, ராசா முதலியோர் அமைத்த முற்போக்கு ஓவியர் குழுவில் அவரும் சேர்ந்தார். 1952-இல் சூரிச் நகரில் அவருடைய தனிக் கண்காட்சி நடைபெற்றது. 1955-இல் 'ஜமீன்' என்னும் ஓவியம் லலித கலா அக்கதமியின் தேசியப் பரிசைப் பெற்றது. 1967-இல் ராஜஸ்தானத்தைப் பற்றி அவர் எடுத்த வசனமற்ற குறும்படம் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருதை வென்றது. 1971-இல் பிரேசிலின் சாவோ பாவுலோ கண்காட்சிக்குப் பிக்காசோவுடன் அவரும் சிறப்பாக அழைக்கப்பட்டார். உலகெங்கும் சுற்றிய அவர் பெரும்பாலும் காலணியின்றியே நடந்தார். மனித உருவத்தை முற்றும் துறந்து வண்ணங்களை மட்டும் தீட்டும் போக்கு எங்கும் பரவிய காலத்திலும் உழவரையும் பெண்டிரையும் அவர் தூரிகை கைவிடவில்லை.

இறுதிக் காலம்

இந்துத் தேவியரை ஆடையின்றி அவர் வரைந்திருந்த பழைய ஓவியங்கள் 1996-இல் பெருங் கிளர்ச்சிக்குக் காரணமாயின. பக்தர் பலரின் மனம் புண்பட்டது. கலைஞனின் உரிமை என்று வேறு பலர் வாதாடினர். வழக்குகள் தொடர்ந்தன, கண்காட்சிகள் தாக்கப்பட்டன. 2006-இல் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். 2008-இல் டில்லி உயர்நீதிமன்றம் தன் முன்னிருந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்தும் அவர் திரும்பவில்லை. 2010-இல் கத்தார் நாட்டுக் குடியுரிமை பெற்ற அவர், 2011 ஜூன் 9-ஆம் நாள் லண்டனில் காலமானார். ஊர்ப்புறத்தையே வாழ்நாளெல்லாம் தீட்டியவருக்கு அந்நிய மண்ணே இறுதி இடமாயிற்று.

அவர் 1954-இல் தீட்டிய 'கிராம யாத்திரை' என்னும் ஓவியத்தில் பதின்மூன்று காட்சிகள் உள்ளன. நீளம் ஏறத்தாழ பதினான்கு அடி. டில்லியில் அதனை வாங்கிய வைத்தியர் ஒருவர் நோர்வேக்குக் கொண்டு சென்றார். அவருக்குப் பின் அது ஒஸ்லோ நகர வைத்தியசாலையொன்றின் உடைமையாயிற்று. 2025 மார்ச்சில் நியூயோர்க் ஏலத்தில் அது 1 கோடியே 38 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. நவீன இந்திய ஓவியம் எதுவும் அதுவரை அவ்விலையைக் கண்டதில்லை. அப்பணம் வைத்தியர்களின் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டது.

சதுர அடிக்கு அணாக் கணக்கில் கூலி பெற்ற கை அது! நம் வீட்டுப் பிள்ளை சுவரிலோ கொப்பியின் ஓரத்திலோ படம் கீறினால் உடனே கடிந்துகொள்ளாமல், ஒரு தாளையும் வண்ணத்தையும் அதன் கையில் கொடுப்போமாக.