வேலைக்கு வழி சொல்லும் அரைகுறைப் பழக்கம்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி 1978-ம் ஆண்டு உருவானது. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் கோணப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் இதை அமைத்தது. கியோனிக்ஸ் தலைவராக இருந்த ஆர்.கே.பாலிகாவின் கனவு இது. 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ ரெயிலும் வந்துவிட்டது. ஆனால் கேட்டுக்கு வெளியே பயோடேட்டாவுடன் நிற்கும் நம் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "உள்ளே யாரையாவது தெரியுமா அண்ணே?"

கேள்வி நியாயமானதே. பல கம்பெனிகள் காலி இடம் விழுந்தால் தங்கள் ஊழியர்களிடமே ஆள் கேட்கின்றன. சொன்ன ஆள் சேர்ந்து சில மாதம் நிலைத்தால், சொன்னவருக்குப் பரிசுப் பணம் தரும் கம்பெனிகளும் உண்டு. இதற்கு 'ரெபரல்' என்று பெயர். பழைய சிபாரிசு வேறு, இது வேறு. ரெபரல் பேட்டி வரை கொண்டுபோய் விடும். தேறுவது அவரவர் பாடு.

யாரிடம் கேட்பது?

மச்சானிடம், பெரியப்பா மகனிடம் என்றுதான் நாம் போவோம். அமெரிக்க சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வேறு விதமாக எழுதினார். தெரிந்தவர் மூலம் புது வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் 100-க்கு 17 பேர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது, அபூர்வமாகப் பார்ப்பவர்களே தகவல் சொல்லி இருந்தார்கள்.

காரணம் எளிது. ஒரே அறையில் ஆறு பேர் தங்கி, ஒரே காண்டிராக்டரிடம் வேலை செய்தால், ஆறு பேருக்கும் தெரிந்த சேதி ஒன்றுதான். ஐ.டி.ஐ.யில் கூடப்படித்தவன், பழைய சூப்பர்வைசர், பஸ்சில் தினமும் தலையாட்டுபவர், பொம்மசந்திராவில் வேலை பார்க்கும் கன்னடக்காரர், இவர்களிடம் இருப்பது வேறு சேதி. நாலு வார்த்தை கன்னடம் பேசினால் இந்த வட்டம் இன்னும் பெருகும்.

கேட்பதிலும் முறை உண்டு. "ஏதாவது வேலை பாருங்க சார்" என்றால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. "டிப்ளமோ எலெக்ட்ரிக்கல், மெயின்டனன்சில் 2 வருஷம். அந்தப் பிரிவில் இடம் விழுந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டால் நினைவில் நிற்கும். சொல்பவர் தன் பெயரையும் பணயம் வைக்கிறார். சேர்ந்த பத்தாம் நாள் சொல்லாமல் ஊருக்குப் போனால், அடுத்தவனுக்காக அவர் வாய் திறக்கமாட்டார்.

பணம் கேட்டால்?

உண்மையான ரெபரலுக்குக் காசு கிடையாது. 'டெபாசிட்', 'டிரெயினிங் பீஸ்' என்று கேட்பவரிடம் அம்மாவின் நகையை அடகு வைத்துக் கொடுக்க வேண்டாம். ஆர்டர் கையில் இருந்தால் கம்பெனிக்கே நேரில் போய், அது அவர்கள் கொடுத்ததுதானா என்று விசாரியுங்கள்.

பேட்டிக்கு ஓசூர் பாதை ரெயிலில் வருபவர்கள் ஹீலலிகே நிலையத்தில் இறங்கலாம். கிடைத்தால் ஒரு வண்டி முன்னதாகவே பிடியுங்கள். ரெயில்வேக்காரன் சொல்கிறேன்!