தலைச்சுற்றலும் ஒற்றைத் தலைவலியும்: ரிப்போர்ட் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஒற்றைத் தலைவலிக்காரர்களில் பலருக்குத் தலைச்சுற்றலும் உண்டு. சிலருக்குத் தலை வலிக்காமலே சுற்றல் மட்டும் வந்துபோகும். காது மருத்துவர் ‘வெம்ப்’ சோதனைக்கு எழுதித் தருவார். ரிப்போர்ட்டில் ஓர் எண் குறைந்திருந்தால் போதும், வீடே கலங்கிவிடும்.

கழுத்தில் பதியும் அலை

1992இல் கோல்பாட்ச், ஹால்மாகி என்ற ஆய்வாளர்கள் இருவரும் விவரித்த சோதனை இது. காதில் உரத்த ஒலியை விட்டுவிட்டுச் செலுத்துவார்கள். உள்காதின் சமநிலை உறுப்பு அதற்குக் காட்டும் அனிச்சை, கழுத்துத் தசையில் அலையாகப் பதியும்: சுமார் 13 மில்லிவினாடியில் ஒன்று, 23இல் எதிர்த்திசையில் இன்னொன்று. சோதனை முடியும்வரை தலையைத் தூக்கித் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும். கழுத்து சோர்ந்தால், காது நன்றாக இருந்தாலும் அலை சிறுத்துவிடும். முதுமையிலும் அப்படித்தான்.

கணக்கு எங்கே சறுக்குகிறது?

இந்த எண் நோயைக் காட்டுமா என்று அறிய நோயாளிகளையும் நலமானவர்களையும் ஒப்பிடும் ஆய்வுகளில் 30 பேரின் இரு காதுகளையும் சோதித்து, 60 தனி ஆட்களைப் போல எண்ணிவிடுவது உண்டு. இரண்டு காதும் ஒரே ஆளுடையவை அல்லவா? அந்த உறவையும் கணக்கில் சேர்க்கும் முறைதான் பொருந்தும்.

சிலருக்கு அலை மிக உயரமாக எழும். சராசரி அவர்கள் பக்கம் சாயும். அங்கே இடைநிலை அளவே மேல். அலையே வராதவர்களை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், ஒருவேளை அதிகம் பாதிக்கப்பட்டவர்களே விடுபட்டுப் போவார்கள்.

இன்னொன்று: உயரம், நேரம், இட வல வேறுபாடு என்று ஒன்றையொன்று சாராத 20 ஒப்பீடுகளை 5 சதவீத வரம்பில் செய்தால், உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் ஒன்றாவது ‘வேறுபாடு உண்டு’ என்று காட்ட 64 சதவீத வாய்ப்பு உண்டு. இதற்கான திருத்தம் செய்யாத ஆய்வை நான் நம்புவதில்லை.

குழு வேறு, ஆள் வேறு

குழுக்களின் சராசரி வேறுபட்டாலும் தனி ஆட்களின் எண்கள் பெரிதும் கலந்தே கிடக்கலாம். சுற்றல் ஒற்றைத் தலைவலியால் வருகிறதா என்று கண்டறிய, சமநிலைக் கோளாறுகளை ஆராயும் பாரனி சங்கமும் பன்னாட்டுத் தலைவலிச் சங்கமும் 2012இல் வகுத்த விதிகளில் வெம்ப் எண்ணுக்கு இடமில்லை. 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும் சுற்றல் 5 முறையாவது வந்திருக்க வேண்டும்; ஒற்றைத் தலைவலி இருக்கவோ முன்பு இருந்திருக்கவோ வேண்டும்; பாதித் தடவையாவது அதன் அறிகுறிகள் சேர்ந்திருக்க வேண்டும்; வேறு காரணமும் இருக்கக் கூடாது.

ஆகவே சுற்றல் வந்த நாள், நீடித்த நேரம், கூசிய வெளிச்சம், குமட்டல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.