அழுத்தமா, ஓட்டமா?

ஆபரேஷன் தியேட்டரில் எல்லார் கண்ணும் வெட்டிய இடத்தில் இருக்க, நோயாளியின் தலைமாட்டில் நிற்பவரின் கண் மானிட்டரை விட்டு அகலாது. ஊசி போட்டுத் தூங்கவைத்ததோடு மயக்க மருந்து நிபுணரின் வேலை முடிந்துவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்போதுதான் தொடங்குகிறது. மயக்க மருந்தே ரத்தக் குழாய்களைத் தளர்த்தி பிரஷரை இறக்கும். பெரிய குடல் அறுவையென்றால் ரத்த இழப்பும் சேரும். வயதான இதயமும் சிறுநீரகமும் அதை நெடுநேரம் தாங்காது.

ஒரு காலத்தில் நாடியைத் தொட்டுப் பார்ப்பதே கண்காணிப்பு. 1901-ல் இத்தாலியின் பாவியா நகரில் ரிவா ரோச்சியின் பிரஷர் கருவியைப் பார்த்த அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். இன்று ஆபத்து மிகுந்த அறுவையில் கைப்பட்டை போதாது. அது சில நிமிடத்துக்கு ஒருமுறைதான் சொல்லும். அதனால் மணிக்கட்டுத் தமனிக்குள் மெல்லிய குழாயைச் செருகி, ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் அலையாகத் திரையில் பார்க்கிறார்கள்.

ஆனால் உறுப்புகளுக்கு வேண்டியது ரத்தம். அழுத்தம் அதன் ஒரு பாதிக் கதைதான். ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், செடிக்குப் போகும் தண்ணீர் குறையும். குழாய்களைச் சுருக்கும் மருந்தும் சில வேளை இப்படித்தான் திரையில் நல்ல எண்ணைக் காட்டிவிடும்.

ஓட்டத்தையே அளக்க வழி தந்தது 1970-ல் ஜெரமி ஸ்வானும் வில்லியம் கான்ஸும் லாஸ் ஏஞ்சலிஸில் அறிமுகப்படுத்திய குழாய். கடலில் பாய்மரப் படகுகளைப் பார்த்தபோது ஸ்வானுக்கு யோசனை பிறந்ததாம்: நுனியில் சிறு பலூன் வைத்தால், ரத்த ஓட்டமே குழாயை இதயத்தின் வழியாக நுரையீரல் தமனிக்கு இழுத்துப் போகாதா? போனது. குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி, வெப்பநிலை மாறும் விதத்தைக் கொண்டு இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இறைக்கிறது என்றும் கணக்கிட்டார்கள். மருத்துவமனைகள் அதைக் கொண்டாடின. 2003-ல் கனடா ஆய்வாளர்கள், அறுபதும் அதற்கு மேலும் வயதான 1,994 நோயாளிகளின் முடிவை வெளியிட்டார்கள். குழாய் போட்டவர்களில் 7.8 சதவீதம் பேர் மருத்துவமனையில் இறந்திருந்தார்கள், போடாதவர்களில் 7.7. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தது குழாய் போட்டவர்களில் எட்டுப் பேருக்கு, மற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை.

இது கருவியின் தோல்வி என்பதைவிட, எண்ணைப் பார்த்தபின் என்ன செய்வது என்பதில் இருந்த குழப்பம் என்றே தோன்றுகிறது. இப்போது தமனி அலையின் வடிவத்திலிருந்தே ஓட்டத்தைக் கணிக்கிறார்கள். வென்டிலேட்டர் மூச்சோடு அலை அதிகமாக ஏறி இறங்கினால், நரம்பில் ஏற்றும் திரவத்துக்கு இதயம் இணங்கும் என்று பொருள். இருந்தும் 2011-ல் அமெரிக்க, ஐரோப்பிய நிபுணர்களிடம் விசாரித்தபோது, ஆபத்து மிகுந்த அறுவைகளில் இதயம் இறைக்கும் அளவை அளப்பதாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒருவர்தான். மற்றவர்களின் தயக்கத்தில் நியாயம் இருந்ததாகவே பின்னால் தெரிந்தது: 2024-ல் வந்த ஒரு பெரிய ஆய்விலும், ஓட்டத்தைப் பார்த்துச் சிகிச்சை கொடுத்ததால் அறுவைக்குப் பின் தொற்று குறையவில்லை.

2017-ல் பிரான்சிலிருந்து வந்த செய்தி வேறு. எல்லாருக்கும் ஒரே பிரஷர் எல்லையை வைக்காமல், ஒவ்வொருவரின் வழக்கமான அளவை ஒட்டியே காத்தபோது, உறுப்புகள் பாதிக்கப்பட்டவர்கள் 51.7 சதவீதத்திலிருந்து 38.1 ஆகக் குறைந்தார்கள். அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் பழைய பிரஷர் சீட்டுகளைக் கேட்கும் மருத்துவர் தேடுவது அந்த வழக்கமான அளவைத்தான்.