எழுதியதும் ஒப்பிட்டதும்: ஆய்வுத் தரவுகளைப் பேணும் பொறுப்பு

எகிப்தின் காஜியாக விளங்கிய அப்துல்லாஹ் இப்னு லஹீஆ ஹிஜ்ரி 174-இல் (கி.பி. 790) மறைந்தார். ஏராளமான ஹதீஸ்களைத் திரட்டி எழுதி வைத்திருந்த அவருடைய நூல்கள், வாழ்வின் பிற்பகுதியில் தீக்கிரையாயின என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். பின்னர் அவர் அறிவித்தவற்றில் தடுமாற்றம் புகுந்தது என்பது ஹதீஸ்கலை வல்லுநர் பலரின் தீர்ப்பு. எனினும், முன்னரே அவரிடமிருந்து பெற்று எழுதிக்கொண்ட அப்துல்லாஹ் இப்னுல் முபாரக், அப்துல்லாஹ் இப்னு வஹ்ப், அப்துல்லாஹ் அல் முக்ரீ ஆகியோர் வழிவந்த அறிவிப்புகளுக்கு அவர்கள் தனி மதிப்பளித்தனர். ஆசிரியரின் மூலம் எரிந்துபோன பின்னும் மாணவர்களின் படிகள் அவருடைய உழைப்பில் ஒரு பகுதியைக் காத்துக் கொடுத்தன.

இன்று பல்கலைக்கழகங்களில் 'ஆய்வுத் தரவு மேலாண்மை' என்னும் பெயரில் ஒரு துறை வளர்ந்து வருகிறது. ஓர் ஆய்வாளர் திரட்டும் குறிப்பு, ஒலிப்பதிவு, நிழற்படம், அட்டவணை ஆகியவற்றுக்கு ஒரு வாழ்நாள் உண்டு. திரட்டுமுன் திட்டமிடுவது முதல், விவரம் எழுதுவது, காப்பது, பிறருக்கு வழங்குவது, வேண்டாதவற்றைக் கழிப்பது வரை ஒவ்வொரு கட்டத்திலும் அவற்றுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்பது அத்துறையின் அடிப்படை. இதனைப் புதுமை என்று கருதுவோர் இப்னுஸ் ஸலாஹ் (இறப்பு ஹிஜ்ரி 643) எழுதிய 'முகத்திமா'வைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஹதீஸ்கலையை 65 வகைகளாகப் பகுத்த அந்நூலில் 25-ஆவது வகை முழுவதும் ஹதீஸை எழுதுவதையும் எழுதியதைப் பிழையின்றிக் காப்பதையும் பற்றியதே. ஒரு ஹதீஸுக்கும் அடுத்ததற்கும் இடையே வட்டம் ஒன்று இட வேண்டும். அவ்வட்டத்தை முதலில் வெறுமையாக விட்டு, மூலத்துடன் ஒப்பிட்டு முடித்த பின்னரே அதனுள் புள்ளி வைப்பதைக் கதீபுல் பக்தாதீ விரும்பினார். புள்ளியில்லாத வட்டத்தைக் காண்பவர், அப்பகுதி இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்பதை உடனே அறிந்துகொள்வார். எழுதிவிட்டேன் என்று சொன்ன மகனிடம் ஒப்பிட்டாயா என்று உர்வா இப்னுஸ் ஸுபைர் வினவியதும், இல்லை என்றபோது, அப்படியாயின் நீ எழுதவே இல்லை என்னும் கருத்தில் மறுமொழி கூறியதும் இக்கலை பயில்வோர் அறிந்த செய்தி.

இன்றைய கணினி வழக்கில் இப்புள்ளிக்கு நெருங்கிய உறவினர் 'செக்சம்' எனப்படும் சரிபார்ப்பு எண். ஒரு கோப்பிலுள்ள அனைத்தையும் கொண்டு கணக்கிடப்படும் எண் அது. ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். படியெடுத்த கோப்பின் எண்ணை முதற்கோப்பின் எண்ணோடு ஒப்பிட்டால் பழுது நேர்ந்ததா என்பது தெரியும். ஆயினும் முதற்கோப்பிலேயே பிழை இருந்தால் இவ்வெண் அதனைக் காட்டிக்கொடுக்காது. அந்த அளவில் முஹத்திஸ்களின் முகாபலா இதனினும் மேலானது. அங்கே ஒப்பிட்டவர் பொருளறிந்த மனிதர்.

அவர்கள் பேணிய மற்றொன்று 'ஸமாஃ' எனப்படும் செவிச்சான்று. எந்நூலை யார் ஓதினார், எவரெவர் அமர்ந்து கேட்டனர், எவ்வூரில், எந்நாளில் என்பதையெல்லாம் ஏட்டிலேயே பதிந்தனர். இடையில் எழுந்து சென்றவர் எப்பகுதியைத் தவறவிட்டார் என்பதும் சில சான்றுகளில் உண்டு. ஹிஜ்ரி 550 முதல் 750 வரையிலான டமாஸ்கஸ் செவிச்சான்றுகளைத் திரட்டிய தொகுதியொன்று 1996-இல் வெளிவந்தது. அக்கால அறிவுலகின் வரைபடத்தை அதிலிருந்து வரைந்துவிடலாம்.

நம் தமிழகத்தில் இழப்பின் கதையே நீளமானது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் மிகப் பழைய நூல் எனக் கருதப்படும் பல்சந்தமாலையில் இன்று நம் கையில் இருப்பவை எட்டுப் பாடல்களே. களவியற் காரிகையின் உரையாசிரியர் அவற்றை மேற்கோளாக எடுத்தாளாமல் இருந்திருப்பின் அவையும் இல்லை. தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முகம்மது அப்பா (ரஹ்) அவர்கள் 18,000 பாடல்கள் இயற்றியதாக மரபு கூறும். கிடைத்திருப்பவை அதனினும் மிகக் குறைவு. அவருடைய 'ஞானப்புகழ்ச்சி' ஒவ்வோராண்டும் ரஜப் பிறை 14 இரவில் தக்கலையில் கூட்டமாக அமர்ந்து பாடப்படுகிறது. ஒருவர் வாய் பிறழ்ந்தால் அருகிலிருப்பவர் திருத்தும் அந்த அவை, ஏட்டுக்கும் அச்சுக்கும் துணையாக நிற்கும் ஒரு காப்பகமே.

இவ்வளவும் எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பது ஐயமே. 1994-ஆம் ஆண்டு முதுகலை பயின்ற காலத்தில் தென்காசி, கடையநல்லூர், பொட்டல்புதூர்ப் பகுதிகளில் முதியோர் பாடிய அப்பாவின் பாடல்களையும் அரபுத்தமிழ் மாலைகளையும் 23 ஒலிநாடாக்களில் பதிவு செய்தேன். அவற்றை ஓர் இரும்புப் பெட்டியில் இட்டு, குற்றாலத்திற்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். ஆனி, ஆடி மாதச் சாரல் உல்லாசப் பயணிகளுக்கு இன்பம்; காகிதத்திற்கும் காந்த நாடாவிற்கும் அதுவே பகை. 2019-இல் பெட்டியைத் திறந்தபோது நாடாச் சுருள்களின் விளிம்பில் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. ஆவல் மேலிட்டு ஒன்றை உடனே ஓட்டிப் பார்த்தேன். அது இரண்டாவது தவறு. பூஞ்சை பிடித்த நாடாவை ஓட்டினால் பதிவும் கெடும், கருவியின் வழியே அடுத்த நாடாவிற்கும் பூஞ்சை தொற்றும். முதலில் உலர்ந்த இடத்தில் தனித்து வைத்து, பயின்றவரைக் கொண்டு தூய்மை செய்ய வேண்டும்.

நாடாவிலிருந்து ஒலியை மாற்றும்போது எம்பி3-ஆக மட்டும் வைத்துக்கொள்வது போதாது; அது ஒலியின் ஒரு பகுதியைக் கழித்தே கோப்பைச் சுருக்குகிறது. ஒலிக்காப்பக வல்லுநர் பரிந்துரைப்பது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவிலான வேவ் கோப்பு. ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலிக்கு அது ஏறக்குறைய 2 ஜிபி இடம் கொள்ளும். எம்பி3 கேட்பதற்கான படியாக இருக்கட்டும். மூலத்தோடு சேர்த்து மூன்று படிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்று வேறோர் ஊரில் என்பது பரவலாக ஏற்கப்பட்ட நெறி. வேறோர் ஊர் ஏன் என்று கேட்போர் யாழ்ப்பாணத்தை நினைத்தல் வேண்டும். 1981-இல் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் ஒரே கட்டடத்தில் இருந்தன. 2005-இல் தொடங்கிய நூலகம் எனும் மின்னூலகம் ஈழத்து முஸ்லிம்களின் ஏடுகளையும் சேர்த்தே மின்வடிவில் காத்து வருகிறது.

எழுத்துரு என்னும் வேறொரு தீயும் உண்டு. 2000-ஆம் ஆண்டையொட்டி நம்மில் பலர் தட்டச்சு செய்த ஆய்வேடுகள் யூனிகோடில் இல்லை. அவரவர் கணினியில் இருந்த ஏதோவோர் எழுத்துருவில் உள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகவே தெரியும். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல்தான். பழைய கோப்புகளை மாற்றும் கருவிகள் இருக்கின்றன. எழுத்துருவின் பெயரைக் கோப்போடு எழுதி வைத்தவருக்கு அவ்வேலை எளிது. அரபுத்தமிழ் ஏடுகளில் இடர் மேலும் கூடும். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபி எழுத்துகளில் கூடுதல் புள்ளிகள் இடப்பட்டிருக்கும். தெளிவற்ற கைபேசிப் படத்தில் முதலில் மறைவன அப்புள்ளிகளே.

அனைத்தையும் வைத்துக்கொள்வதும் பேணுதல் ஆகாது. ஒரே பக்கத்தின் மங்கலான பத்துப் படங்களைக் கழித்துவிடலாம். ஆனால் பாடியவரின் ஒப்புதலும், அவர் வெளியிட வேண்டாம் என்று விலக்கிய பகுதியும் பதிவோடு சேர்ந்தே இருக்க வேண்டும். அமானிதம் என்னும் சொல்லை இங்கே தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.

என் 23 நாடாக்களில் 14 முழுமையாக மீண்டன, அல்ஹம்துலில்லாஹ். ஆறு அரைகுறையாகக் கேட்கின்றன. மூன்றில் இரைச்சல் மட்டுமே. மீண்டவற்றுள் ஒன்றில் முதியவர் ஒருவர் ஞானப்புகழ்ச்சியை, அச்சில் நான் காணாத சில சொற்களோடு பாடுகிறார். அவை பழைய பாடமா, அவருடைய நினைவுப் பிசகா என்பதைத் தீர்மானிக்க, அவர் யார், யாரிடம் கற்றார் என்று தெரிய வேண்டும். நாடாவின் மேல் என் கையெழுத்தில் இருப்பது, "பெரியவர், இரண்டாம் பக்கம்" என்பது மட்டுமே.