கடுபுல் பூவும் கள்ளிப்பாலும்

சென்ற வருட விடுமுறையில் நான் ஒரு பிழை செய்தேன். கள்ளியில் சாப்பிடக்கூடிய வகைகளும் உண்டு என்று தம்பியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தாத்தா சொன்னால் அவன் நம்பாமல் இருப்பானா? மறுநாள் பக்கத்து வீட்டுப் பூச்சாடியிலிருந்து ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து நின்றான். அதில் முள்ளும் இருந்தது, உச்சியில் தடித்த இலைகளும் இருந்தன. ஒடித்த இடத்திலிருந்து வெள்ளைப் பால் வடிந்து அவன் விரலெல்லாம் பிசுபிசுத்தது. அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கிவிட்டான்.

உம்மா அவன் தலையைக் குழாயின் கீழே பிடித்து, அவன் கத்தக் கத்த நெடுநேரம் கழுவினார். பிறகுதான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். உடனே தண்ணீர் விட்டுக் கழுவியதுதான் கண்ணைக் காப்பாற்றியது என்று டொக்டர் சொன்னார். இரண்டு நாள் கண் சிவந்து வீங்கி இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவன் ஒடித்ததும் கள்ளிதான், நான் சொன்னதும் கள்ளிதான். ஆனால் இரண்டும் ஒரே குடும்பமல்ல. தமிழில் சப்பாத்திக்கள்ளி என்பது கக்டஸ் குடும்பம். சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி, இலைக்கள்ளி என்பவையோ ஆமணக்குக் குடும்பம். மரவள்ளிக்கும் இறப்பருக்கும் உறவு. வறண்ட நிலத்தில் வாழ்வதற்காக இரு குடும்பங்களும் தனித்தனியே சதையும் முள்ளும் வளர்த்துக்கொண்டன. அதனால் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன. இலையுள்ள கள்ளி என்று கேட்டவுடன் இலைக்கள்ளியைத் தேடிப் போனால் ஆபத்து. அதன் பால் நஞ்சு.

சிங்களத்திலும் இதே குழப்பம் உண்டு. திருகுக்கள்ளியை ‘நவஹந்தி’ என்பார்கள். நமது ஈரவலயக் காடுகளின் மரங்களில் பச்சை நூல்போலத் தொங்கும் ஒரு செடிக்கு ‘வல் நவஹந்தி’ என்று பெயர். ஆனால் அது ரிப்சாலிஸ் என்னும் கக்டஸ். கக்டஸ் எல்லாம் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. அங்கே மட்டுமல்லாமல் ஆபிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகவே வளர்வது இந்த ஒரே இனம்தான். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

இனி எங்கள் வீட்டுச் செடிக்கு வருகிறேன். அது கடுபுல். சிலர் பிரம்ம கமலம் என்றும் நிஷாகந்தி என்றும் சொல்வார்கள். தாவரவியற் பெயர் எபிபைலம் ஒக்சிபெட்டாலம். ஹட்டனில் பல வீட்டு வாசல்களிலும் லயத்து முற்றங்களிலும் பழைய வாளியில் நிற்கும். எங்கள் மூத்தும்மாவுக்கு ஒரு தோட்டத்து அக்கா கிளை ஒன்று கொடுத்தாராம். அது உம்மாவின் கல்யாணத்துக்கு முந்திய கதை.

இதில் இலைபோலத் தட்டையாக இருப்பது இலையல்ல, தண்டு. ஒளித்தொகுப்பு செய்வதும் அதுதான். பூமொட்டு அதன் விளிம்பிலுள்ள பள்ளத்திலிருந்து வருவதைப் பார்த்தாலே விளங்கும். (உண்மையான இலையுள்ள கக்டஸும் உண்டு. பெரெஸ்கியா என்று பெயர். பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் அதன் ஒரு வகையைக் கீரையாகச் சமைக்கிறார்கள்.)

இரண்டாவது பிழையும் என்னுடையதுதான். கக்டஸ் என்றால் பாலைவனச் செடி, வெயில் வேண்டும் என்று நினைத்துச் சாடியைக் கூரைக்கு வெளியே வைத்தேன். ஒரு கூடை மாட்டெருவும் போட்டேன். மே மாதம் மழை தொடங்கியது. ஹட்டன் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜூலையில் அடித்தண்டு அவித்த கிழங்குபோல மெதுமெதுத்துக் கறுத்துப்போயிற்று. மூத்தும்மா என்னை ஏசவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஏசியிருந்தால் பரவாயில்லை.

கடுபுல் பாலைவனத்தது அல்ல. மெக்சிக்கோவிலும் மத்திய அமெரிக்காவிலும் காட்டு மரக்கிளைகளின் கவட்டில் ஒட்டி வளரும் மேலொட்டித் தாவரம். மக்கிய இலையும் காற்றோட்டமும் மரநிழலும்தான் அதன் வீடு. ஒர்கிட் வளர்ப்பதுபோல நினைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அழுகாமல் பச்சையாக, உறுதியாக இருந்த ஒரு துண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்தோம். வெட்டியவுடன் நடக்கூடாது. ஒரு வாரம் நிழலில் வைத்து வெட்டுவாய் காய்ந்து தோல்போல ஆகவேண்டும். இல்லாவிட்டால் அங்கிருந்தே மறுபடியும் அழுகும். மக்கிய இலை, தும்புத்தூள், கொஞ்சம் மணல், உடைத்த செங்கல், அடுப்புக்கரி எல்லாம் கலந்து, அடியில் துளையிட்ட சிறிய சாடியில் இரண்டு அங்குல ஆழத்தில் நட்டோம். எந்த முனை செடியில் கீழே இருந்ததோ அதுதான் மண்ணுக்குள் போகவேண்டும். நட்டுச் சில நாள் கழித்தே தண்ணீர். ஒரு மாதத்துக்குப் பிறகு மெல்ல இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. வேர் பிடித்துவிட்டது!

அதன்பிறகு பெரிய வேலை இல்லை. கூரை விளிம்புக்கு உள்ளே, காலை வெயில் மட்டும் படும் இடம் போதும். மேல்மண் காய்ந்த பின்தான் தண்ணீர். மழைக்காலத்தில் அதுவும் தேவைப்படாது. ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை மறந்துவிடாதீர்கள். நுவரெலியாப் பக்கத்துத் தோழிகள் பனிப்பூ விழும் இரவுகளில் சாடியை வீட்டுக்குள் எடுக்கவேண்டும். எருவை அள்ளிப் போட்டால் தண்டு வளரும், பூ வராது. பழைய தண்டுகள் அழகில்லை என்று வெட்டிவிடாதீர்கள், பூப்பது அவற்றில்தான். இளம் நுனிகளை நத்தை தின்னும். இரவில் டோர்ச் அடித்துப் பிடிப்பது தம்பியின் வேலை. கிளை நட்டுப் பூப்பதற்கு இரண்டு மூன்று வருடம் செல்லலாம், ஆகவே எங்களுடையது இன்னும் பூக்கவில்லை.

பழைய செடி பூத்த இரவுகள் நினைவிருக்கின்றன. தொங்கிய மொட்டு வளைந்து மேல்நோக்கி நிமிர்ந்தால் நாள் நெருங்கிவிட்டது. இரவு எட்டு ஒன்பது மணிக்கு அவிழத் தொடங்கி நள்ளிரவில் முழுதாக விரியும், சுபஹுக்கு எழும்பினால் வாடித் தொங்கும். அந்தப் பூவை நாகர்கள் சிவனொளிபாத மலையில் புத்தபெருமானுக்குக் காணிக்கையாக்குவார்கள் என்பது சிங்கள மக்களின் நம்பிக்கை. நாங்கள் பாவா ஆதம் மலை என்று சொல்வதும் அதே மலைதான். எங்கள் செடி பூத்தால் முதற்பூ எதிர்வீட்டு நோனாவின் புத்தர் தட்டுக்குப் போகும். அது மூத்தும்மா போட்ட ஒழுங்கு.

மிச்சப் பூக்கள் எங்களுக்கு. தென்சீனாவிலும் தைவானிலும் இந்தப் பூவை சூப்பில் போடுவார்கள் என்று படித்துவிட்டு உம்மாவிடம் கேட்டேன். காலையில் வாடிய பூவைக் கழுவி, இதழ்களை மட்டும் நறுக்கி, மிளகு போட்ட கோழி சூப்பில் கடைசியாகச் சேர்த்து, ஒரு முட்டையும் அடித்து ஊற்றினார். வெண்டிக்காய்போல வழுவழுப்பு, வாசனை குறைவு. நாங்கள் ஆளுக்கு ஒரு கோப்பைக்கு மேல் எடுக்கவில்லை. புதிய உணவை முதலில் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டுப் பார்க்கவேண்டும். பூச்சிமருந்து அடித்த செடியின் பூவைத் தொடவே கூடாது. பெயர் நிச்சயமாகத் தெரியாத எந்தக் கள்ளியும் சட்டிக்கு வரக்கூடாது. பால் வடிந்தால் கண்டிப்பாக வேண்டாம், பால் வடியாவிட்டாலும் அது மட்டும் போதாது.

மூத்தும்மா அந்த சூப்பைக் குடிக்கவில்லை. “மணக்கிற பூவை யாராவது திம்பாங்களா, புள்ள?” என்றார். இப்போது புதுச் சாடியை அவர் தன் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். தண்ணீர் ஊற்ற எனக்கு அனுமதி இல்லை.